ஹென்றி போர்டும் ஒப்புரவும்

பகலெல்லாம் ஓர் உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் இல்லம் திரும்பியபின் தமக்கு விருப்பமான ஒரு கைத்தொழிலில் மனத்தைச் செலுத்துவோர் எவ்வூரிலும் உளர். அவரைக் குறித்து இல்லத்தார் வருந்துதலும் எவ்வூரிலும் உள்ளதே. பொருளும் பொழுதும் இரும்புத் துண்டுகளில் கரைகின்றன என்பது அவர்தம் குறை. பள்ளியாசிரியராகிய எம்மிடம் இவ்வழக்கைக் கொணர்ந்து தீர்ப்புக் கேட்ட பெற்றோரும் உண்டு. அவர்கட்கு விடையாக, உலகறிந்த ஒருவருடைய வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். அவர்தாம் அமெரிக்க நாட்டு மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி போர்டு. அவர் பெருஞ்செல்வரான வரலாற்றைப் பலரும் அறிவர். செல்வராவதற்கு முன்னர், ஒரு விறகுக் கொட்டகையில் இரவுதோறும் உழைத்துத் தம் கையாலேயே ஒரு வண்டியைச் சமைத்தாரே, அவ்வரலாறே நமக்கு முதற்கண் வேண்டுவது.

போர்டு 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள், மிச்சிகன் மாகாணத்தில் டெட்ராயிட் நகரத்தை அடுத்ததோர் உழவர் குடியிற் பிறந்தார். 1876-இல் அன்னையாரை இழந்தார். அவ்வாண்டிலேயே, குதிரை பூட்டாமல் நீராவியின் வலியால் தானே சாலையிற் செல்லும் பொறி ஒன்றைக் கண்டார். அன்று முதல் அவர் உள்ளம் உழவிற் பொருந்தவில்லை. 1879-இல் டெட்ராயிட்டுக்குச் சென்று இயந்திரப் பட்டறையில் தொழில் பயின்றார்; இரவில் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்த்துச் சிறிது பொருளீட்டினார். 1888-இல் கிளாரா பிரயண்ட் என்னும் நங்கையை மணந்தார். தந்தையார் அளித்த 80 ஏக்கர் காட்டு நிலத்தில் மரம் அறுத்து விற்று இல்லறம் நடத்தி வருகையில், 1891-இல் நகரத்துக்குக் குடிபெயர வேண்டும் என்றார் கணவர். புதிதாகக் கட்டிய வீட்டையும் சுற்றத்தாரையும் விட்டுப் பிரிதல் கிளாராவுக்கு எளிதன்று, ஆயினும் இசைந்தார்.

நகரத்துக்கு மின்சாரம் அளித்த எடிசன் கம்பெனியில் போர்டு வேலைக்கு அமர்ந்தார். 1893-இல் தலைமை இஞ்சினீயரானார். எந்நேரம் அழைப்பினும் செல்லவேண்டிய உத்தியோகம் அது. அவ்வாண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள் அவருக்கு எட்ஸெல் என்னும் ஒரே மகன் பிறந்தான். அக்குழந்தை பிறந்து ஏழு வாரம் நிரம்புமுன், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய இரவில், போர்டு தாம் சமைத்த சிறு எஞ்சின் ஒன்றைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பிற் பொருத்தினார். பழைய குழாய்த் துண்டே அதன் உருளை. பண்டிகைச் சமையலில் இருந்த கிளாரா அதனை நிறுத்திவிட்டு வந்து, பெட்ரோலைத் துளித்துளியாக விட்டார். கணவர் சக்கரத்தைச் சுழற்றினார். எஞ்சின் தீயும் புகையும் உமிழ்ந்து ஓடிற்று. அடுத்த அறையிற் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

இந்நிகழ்ச்சியை யாம் விரித்துரைப்பது ஒரு காரணம் பற்றியே. அக்கைத்தொழில் இல்லறத்துக்கு வெளியே நிற்கவில்லை. கணவர் அதனை மனைவியிடமிருந்து மறைத்துச் செய்யாது, அவர் கையிலும் ஒரு பங்கு கொடுத்தார். பங்கு பெற்றவர் பகைத்தல் அரிது. குறைந்த ஊதியத்தில் கருவியும் உலோகமும் வாங்கிய அவ்வாண்டுகளில் வீட்டுக் கணக்கைச் சிக்கனமாக நடத்தியவரும் கிளாராவே.

அவர்கள் பேக்லி வீதியில் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம் ஒரு செங்கற் கொட்டகை இருந்தது. அதில் ஒரு பாதி போர்டுக்கு. மறுபாதி அடுத்த வீட்டு முதியவர் பெலிக்ஸ் ஜூலியன் என்பவருக்கு. அவர் தம் பாதியில் நிலக்கரியும் விறகும் இட்டு வைத்திருந்தார். இளைஞர் இரவிற் செய்யும் வேலையைக் கண்டு வியந்த அம்முதியவர், தம் கரியையும் விறகையும் தம் வீட்டுக்குள் மாற்றிக்கொண்டு, கொட்டகை முழுவதையும் அவருக்கு விட்டுக்கொடுத்தார். உறவினரும் அல்லர், கூட்டாளியும் அல்லர். அவ்வண்டி ஓடுமா என்பதும் அவர் அறியார்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தமை அன்பர்கள் அறிந்ததே. இல்லார்க்குக் கொடுத்தல் ஈகை. உடன் வாழ்வார்க்குக் கடமையென உணர்ந்து கைம்மாறு கருதாது உதவுதல் ஒப்புரவு. ஜூலியன் செய்தது ஒப்புரவு. வேறு சிலரும் அவ்வாறே உதவினர். அந்நகரத்தில் 1896 மார்ச்சு மாதம் முதன்முதலாகப் பெட்ரோல் வண்டி ஓட்டிய சார்லஸ் கிங் என்பவர், போர்டு தமக்குப் போட்டியாவாரோ என்று எண்ணாமல் யோசனை கூறி உதவினார். ஜிம் பிஷப் முதலிய தோழர் தம் வேலை முடிந்தபின் வந்து இரவில் உடனுழைத்தனர்.

1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் விடியற்குமுன் வண்டி முடிவுற்றது. நான்கு சைக்கிள் சக்கரங்களும், இரண்டு உருளை எஞ்சினும், தோல் வாரும் சங்கிலியும் கொண்ட அது ஏறத்தாழ 500 ராத்தல் எடையுள்ளது. மணிக்கு 10 மைல், 20 மைல் என இரண்டு வேகங்கள் உண்டு. பின்னோக்கிச் செல்ல வழியில்லை. வெளியே கொண்டுவர முயன்றபோதுதான், கொட்டகையின் வாயில் வண்டியினும் குறுகியது என்பது புலனாயிற்று! போர்டு கோடரி கொண்டு செங்கற் சுவரை இடித்தார். பிஷப் சைக்கிளில் முன்னே சென்று வழிவிலக்க, வண்டி வீதியில் ஓடிற்று. இடையில் ஓர் உறுப்புப் பழுதுபட்டு நின்றது. செப்பனிட்டுக்கொண்டு வீடு திரும்பினர். இடிந்த சுவரைக் கண்டு சினந்த வீட்டுக்காரர், வண்டியைக் கண்டபின் சினம் தணிந்தார் என்பர். பின்னர் மனைவியையும் மகனையும் அதில் ஏற்றித் தந்தையாரின் பண்ணைக்குச் சென்றார் போர்டு.

அவ்வண்டியை 200 டாலருக்கு விற்று, அடுத்த வண்டிக்கு முதலாக்கினார். 1899-இல் உத்தியோகத்தை விட்டார். முதலிற் சேர்ந்த கம்பெனி 1901-இல் கலைந்தது. 1903-இல் போர்டு மோட்டார் கம்பெனி தோன்றிற்று. 1908-இல் வெளிவந்த டி மாதிரி வண்டி, 1927-இல் நிறுத்தப்படுமுன் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. 1914-இல் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்து உலகை வியப்பித்தார். முன்பு ஒன்பது மணி நேரத்துக்கு அதிற் பாதியளவே கூலி. 1915-இல் அவர் நிறுவிய மருத்துவமனை திறக்கப்பட்டது. 1916-இல் ஏழைச் சிறுவர் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்கும் பள்ளி ஒன்று தொடங்கினார். இவை பெரிய ஈகைகளே, மறுப்பாரில்லை.

ஆயினும் உண்மை முழுவதையும் உரைத்தல் எம் கடமை. அந்த 5 டாலர் கூலியைப் பெறும் தொழிலாளர் குடிக்கின்றனரா, வீட்டைத் தூய்மையாக வைத்துள்ளனரா என்று ஆராய, வீடுதோறும் ஆட்களை அனுப்பினார் போர்டு. தமக்குக் கொட்டகை தந்த முதியவர் அத்தகைய ஆராய்ச்சி ஒன்றும் செய்ததில்லை. 1920 முதல் தம் பத்திரிகையில் யூத மக்கள் அனைவரையும் பழிக்கும் கட்டுரைகளை வெளியிடச் செய்தார். 1927-இல் மன்னிப்புக் கோரினாரெனினும், அப்பழிச் சொற்கள் அதற்குள் பல நாடுகளிற் பரவிவிட்டன. ஒரு சமூகத்தாரை ஒட்டுமொத்தமாக இகழ்தல் எத்துணைக் கொடிது என்பதைச் சமூகச் சங்கம் வைத்து நடத்தும் நாம் நன்கு உணர்தல் வேண்டும்.

இனி மகனைப் பற்றியது. சமையலறைக்கு அடுத்த அறையில் உறங்கிய அக்குழந்தை 1919-இல், இருபத்தைந்து வயதிலேயே, கம்பெனியின் தலைவரானார். எட்ஸெல் அமைதியும் அழகுணர்ச்சியும் உடையவர். 1927-இல் வந்த ஏ மாதிரி வண்டியின் அழகிய தோற்றம் பெரிதும் அவரால் அமைந்தது. பெயர் மகனுக்கு இருந்தது. அதிகாரமோ தந்தையிடமே நின்றது. மகன் இட்ட கட்டளையைத் தந்தை மாற்றுவார். மகன் விரும்பிய எண்ணெய்விசைத் தடையை நெடுங்காலம் மறுத்து, 1939-ஆம் ஆண்டு வண்டிகளிலேதான் ஏற்றார். தொழிலாளரை அடக்க முரடர்களை வைத்திருந்த ஒருவரைத் தம் மகனினும் மேலாக நம்பினார். 1941-இல் தொழிலாளர் சங்கத்தோடு உடன்பாடு செய்ய மறுத்து நின்றபோது, இசையாவிடில் தாம் பிரிந்து செல்வதாகக் கிளாரா கூறியதனாலேயே கையெழுத்திட்டார் என்று அவருடைய தலைமை அலுவலர் ஒருவர் பின்னர் எழுதினார். 1943 மே மாதம் 26-ஆம் நாள், எட்ஸெல் நோயுற்று, நாற்பத்தொன்பதாம் வயதில் தந்தைக்கு முன்னரே மறைந்தார். அதன்பின்னும் முதியவர் பதவியைத் தாமே ஏற்றார். 1945-இல் மனைவியும் மருமகளும் வற்புறுத்தியபின்னரே பேரனிடம் ஒப்படைத்தார்.

1947 ஏப்ரல் மாதம் 7-ஆம் நாள் இரவு போர்டு காலமானார். ஆற்று வெள்ளத்தால் அவர் மாளிகையில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. ஒருகாலத்தில் நகரத்துக்கு விளக்கேற்றிய இஞ்சினீயர், மெழுகுவர்த்தி ஒளியில் உயிர் துறந்தார். அருகில் இருந்தவர், அன்று துளித்துளியாகப் பெட்ரோல் விட்ட கிளாராவே.

ஆதலின் எம் தீர்ப்பு இது. இரவில் இரும்போடு போராடும் மகனைத் தடுத்தல் வேண்டா. போர்டு தம் இல்லத்தாரோடும் அயலாரோடும் மிக ஒன்றி வாழ்ந்த காலம் அக்கொட்டகைக் காலமே. கைத்தொழில் இல்லறத்தைக் கெடுப்பதன்று. எல்லாம் தனக்கே உரியது என்னும் எண்ணமே கெடுப்பது. உறவற்ற முதியவர் ஒருவர் தம் பாதிக் கொட்டகையை அவருக்காகக் காலிசெய்து தந்தார். அவரோ தாம் பெற்ற மகனுக்கு அவ்வாறு ஒரு பாதியைக் காலிசெய்து தரவில்லை. நம்முள் தொழில் வல்ல முதியோர் பலர் உளர். கடையும் பட்டறையும் உடையோரும் உளர். தம் மக்கள் வளர்ந்து வந்து வாயிலில் நிற்கும்போது, தம் விறகை ஒருபுறம் ஒதுக்கி இடம் தருவாராக.