எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். உயிரணுவின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி. மூலக்கூறைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர்.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. 1922ல் பாஸ்டன் சென்று, மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே பயின்றார்.

பாஸ்பேட் அளவீடு

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து 1925ல் பாஸ்பரசை அளக்கும் நிறமானி முறையை வெளியிட்டார். அமிலக் கரைசலில் பாஸ்பேட் மாலிப்டேட்டுடன் சேர்கிறது. அதை ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியே பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். தசைச் சாற்றை இவ்வாறு அளந்தபோது நிறம் உடனே முழுமையடையாமல் மெல்ல மெல்லக் கூடியது. சோதனைப் பிழை என்று எளிதில் ஒதுக்கியிருக்கக்கூடிய விடயம் இது. அமிலத்தில் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் ஒரு சேர்மம் தசையில் இருப்பதே காரணம் என இருவரும் கண்டனர். அதுவே பாஸ்போகிரியேட்டின் (1927). 1929ல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர், அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி.யின் இறுதிப் பாஸ்பேட்டை எடுத்துப் பிற மூலக்கூறுகளில் சேர்க்கும் நொதிகள் கைனேசுகள் எனப்படும். இவற்றின் செயல்திறனை அளக்க, பாஸ்பேட்டை ஏற்கும் புரதத்தை ஜி.எஸ்.டி. என்னும் புரதத்துடன் இணைத்து பாக்டீரியாவில் தயாரிப்பது வழக்கம். நொதியையும் ஏ.டி.பி.யையும் சேர்த்தபின், குளூட்டாதயோன் பூசிய மணிகளால் இணைவுப் புரதத்தை மீட்டு, அதில் ஏறிய பாஸ்பேட்டைக் கதிரியக்க பாஸ்பரஸ்-32 அல்லது எதிர்ப்பொருள் கொண்டு அளப்பர். ஜி.எஸ்.டி. தானே பாஸ்பேட்டை ஏற்கவில்லை என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை தனித்த பாஸ்பேட்டையே காட்டுவதால் இதற்கு நேரடியாகப் பயன்படாது, ஏ.டி.பி.யைச் சிதைத்துப் பாஸ்பேட்டை வெளிவிடும் நொதிகளுக்கே பொருந்தும்.

லெடர்லி ஆய்வகம்

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காததால் 1940ல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். இவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் எதிர்ப்பியான அமினாப்டெரினைக் கொண்டே சிட்னி ஃபார்பர் 1948ல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் தற்காலிகக் குணத்தைக் காட்டினார். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் (டை எத்தில் கார்பமசைன்) மருந்தும் இங்கு உருவானதே. கும்பகோணத்தையும் தஞ்சை வட்டாரத்தையும் நெடுங்காலம் வாட்டிய நோய் அது. தமிழ்நாட்டில் ஊர்தோறும் இம்மாத்திரையை விழுங்கியவர்களுள் சுப்பாராவின் பெயரை அறிந்தவர் சிலரே.

நியூயார்க்கில் காலமானார். 1922க்குப் பின் அவர் இந்தியா திரும்பவில்லை. 1995ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.