எலும்பு ஒட்டிய மருத்துவர்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் மெயின் என்னும் மாநிலம் உள்ளது. அங்கே ஆல்னா என்னும் சிற்றூரில் 1876ஆம் ஆண்டு பிரெட் ஆல்பி பிறந்தார். அவருடைய பாட்டனார் பழமரத் தோட்டக் கலையில் வல்லவர். ஆப்பிள் மரங்களில் ஒட்டுக்கட்டும் முறையை அவர் தம் பேரனுக்குக் கற்பித்தார். அடிமரத்தை நேராகப் பிளத்தல் வேண்டும். ஒட்டுக்கிளையின் அடியை ஆப்புப்போலச் சீவுதல் வேண்டும். பட்டைக்கு உட்புறத்தே உள்ள பசிய படலங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமாறு கிளையைச் செருகுதல் வேண்டும். பொருத்தம் பிசகினால் கிளை பட்டுப்போகும். இளமையில் கைவிரல்கள் பயின்ற இப்பாடம் பின்னாளில் அறுவை மருத்துவத்திற்கு வழிகாட்டும் என்று அந்நாளில் எவர்தாம் எண்ணியிருப்பர்!

ஆல்பி 1899இல் போடன் கல்லூரியிலும் 1903இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரில் எலும்பு, மூட்டு நோய்களுக்குரிய மருத்துவத்தை மேற்கொண்டார்.

அக்காலத்தில் முதுகெலும்பைப் பற்றும் காசநோய் சிறுவர் பலரைக் கூனராக்கியது. முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டு நொறுங்கும். முதுகு முன்னோக்கி வளையும். காசக் கிருமியைக் கொல்லும் மருந்தோ அப்போது இல்லை. நோயுற்ற இடத்தை அசையாமல் வைத்திருந்தால் புண் ஆறக்கூடும் என்பது ஒன்றே மருத்துவர் கண்ட வழி. ஆதலின், மாவுக்கட்டுகளிலும் இரும்புச் சட்டங்களிலும் பிணிக்கப்பட்டுக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். எனினும், உடம்பின் மேற்புறத்தே கட்டும் கட்டு, உள்ளே ஆழ்ந்திருக்கும் எலும்பை எவ்வளவுதான் நிலைநிறுத்த இயலும்? உள்ளேயே ஒரு முட்டுக்கோல் வைத்தல் வேண்டும் என்று ஆல்பி கருதினார்.

எதனால் ஆகிய கோல்? தந்தமும் உலோகமும் உயிரற்றவை, உடம்புக்கு அயலானவை. 1880ஆம் ஆண்டையொட்டிக் கிளாஸ்கோ நகர மருத்துவர் மக்கீவன், பிற நோயாளிகளிடமிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளை ஒரு சிறுவனின் கையில் பொருத்தி வெற்றி கண்டிருந்தார். ஆல்பி தேடிய பொருளோ நோயாளியின் உடம்பிலேயே இருந்தது. முழங்காலுக்குக் கீழே, தோலை அடுத்தாற்போல் அமைந்திருக்கிறது கணைக்கால் எலும்பு. அதிலிருந்து ஒரு நீண்ட கீற்றை வெட்டியெடுத்தார். முள்ளெலும்புகளின் பின்புறத்தே நீட்டிக்கொண்டிருக்கும் முட்களை நடுவே பிளந்து, அக்கீற்றை அப்பிளவில் பதித்தார். ஆப்பிள் மரத்தில் செய்த அதே வேலைதான்!

நோயுற்ற முதுகைத் திறப்பதோடு, நலமாக உள்ள காலையும் அறுப்பது எளிதில் துணியத்தக்க செயலன்று. புண் சீழ்பிடித்தால் இரண்டும் கெடும். ஆயினும், தன் எலும்பைத் தன் உடம்பு அயற்பொருளாக வெறுத்து ஒதுக்குவதில்லை. ஒட்டிய துண்டின் உயிரணுக்களுள் பல மடிந்துவிடுகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. எனினும், எஞ்சியவை புது எலும்பை வளர்க்கின்றன. மடிந்த பகுதியும் சாரம்போல நின்று உதவ, குருதிக் குழாய்கள் அதனுள் நுழைந்து, பழைய எலும்பு கரையக் கரையப் புதியது அவ்விடத்தை நிரப்புகிறது.

1911ஆம் ஆண்டு ஆல்பி தம் முறையை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, அவருக்குச் சில திங்கள் முன்னதாக, அதே நகரில் இருந்த இப்சு என்னும் மருத்துவரும், முள்ளெலும்புகளின் சிறு துண்டுகளையே மடித்து ஒன்றாக இணைக்கும் முறையை வெளியிட்டிருந்தார். ஆகவே, முதுகெலும்பை இணைத்த பெருமை ஆல்பி ஒருவர்க்கே உரியதன்று.

பொருத்தமே ஒட்டுக்கு உயிர் என்பதை அவர் மறக்கவில்லை. உளியும் சுத்தியும் கொண்டு வெட்டினால் எலும்பு பிளவுபடும், அளவும் பிசகும். எனவே, மின்னாற்றலால் சுழலும் இரட்டை வட்டவாள் ஒன்றை அமைத்தார். வாள்களின் இடைவெளியை வேண்டியவாறு மாற்றலாம். எலும்பு முறிந்து நெடுங்காலம் கூடாதிருந்தால், முறிவின் ஒருபுறம் நீண்ட கீற்றும் மறுபுறம் குறுங்கீற்றும் வெட்டுவார். குறுங்கீற்றை அகற்றி, நீண்டதை முறிவின்மீது பாலம்போல நகர்த்தி வைப்பார். மேலுறை மேலுறையோடும், மச்சை மச்சையோடும் சேரும். எலும்பையே கடைந்து முளைகள் செய்து, ஆணிக்கு மாற்றாக அடித்தார். மருத்துவமனையில் தச்சுப்பட்டறை புகுந்ததோ என்று கண்டோர் ஐயுறத்தக்க காட்சி அது! இம்முறைகளை விளக்கும் அவருடைய நூல் 1915இல் வெளிவந்தது.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. குண்டுகள் எலும்பின் ஒரு பகுதியையே சிதறடித்தன. அத்தகைய கையும் காலும் துண்டிக்கப்படும் நிலையில் இருந்தன. 1918இல் நியூ செர்சி மாநிலத்துக் கொலோனியாவில் அமைந்த படை மருத்துவமனையில், காயமுற்ற வீரர்க்கு ஆல்பியின் தலைமையில் எலும்பு ஒட்டப்பட்டது. கால் கூடினால் மட்டும் போதாது, பிழைக்கத் தொழிலும் வேண்டும் என்று அவர் கண்டார். ஊனமுற்றோர் மறுவாழ்வுக்கென அம்மாநிலம் 1919இல் அமைத்த குழுவுக்குப் பல்லாண்டுகள் தலைவராய் இருந்தார்.

ஆல்பி 1945இல் காலமானார். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அதற்கு முந்திய ஆண்டில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அத்தகைய மருந்துகள் பெருகியபின் காசநோய்க்காக முதுகைத் திறக்கும் தேவை குறைந்தது. ஆனால், கூடாத முறிவுக்கும் சிதைந்த முதுகெலும்புக்கும் நோயாளியின் சொந்த எலும்பை எடுத்து ஒட்டுவது இன்றும் நடைபெறுகிறது. கணைக்காலைவிட இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தே இப்போது மிகுதியாக எடுக்கின்றனர். எடுத்த இடத்தில் சில திங்கள் வலி இருப்பதுண்டு.