வில்லியம் டொனால்ட் ஹாமில்டன்

வில்லியம் டொனால்ட் ஹாமில்டன் (ஆகஸ்ட் 1, 1936 – மார்ச் 7, 2000) ஒரு பிரித்தானியப் படிவளர்ச்சி உயிரியலாளர் ஆவார். விலங்குகளின் சமூக நடத்தையை மரபணு உறவைக் கொண்டு விளக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் எகிப்தின் கெய்ரோ நகரில் நியூசிலாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். கேம்பிரிட்ச்சில் பயின்றபின் இலண்டனில் ஆய்வு மாணவரானார். அங்கு இவரது கருத்துக்குப் போதிய ஆதரவு கிட்டாமையால் பெரும்பாலும் தனித்தே உழைத்தார். 1964 இல் இவரது ஆய்வுக்கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது. 1984 முதல் ஆக்சுபோர்டில் பணியாற்றினார். 1993 இல் கிராஃபோர்டு பரிசைப் பெற்றார்.

ஹாமில்டன் விதி

உதவி பெறும் விலங்கு அடையும் நன்மையை இரண்டிற்கும் இடையிலான உறவளவால் பெருக்க வேண்டும். அத்தொகை, உதவும் விலங்கின் இழப்பைவிட மிகுந்தால் உதவும் பண்பு பரவும். உடன்பிறந்தவற்றின் உறவளவு 1/2. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளினது 1/8.

கொறித்துண்ணிகள்

வோல் எனப்படும் குறுவால் எலிகளின் தொகை, வடநாடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிகிறது. 1980 இல் சார்னோவ், ஃபினர்ட்டி ஆகியோர் ஹாமில்டன் விதியை இதற்குப் பொருத்தினர். எலிகள் குறைவாக உள்ளபோது அயலில் வாழ்பவை பெரும்பாலும் உறவினங்களே; எனவே பூசல் குறைவு. தொகை பெருகி இடம்பெயர்வு மிகும்போது அந்நிய எலிகள் அருகருகே அமைகின்றன. பூசல் மிகுந்து தொகை சரிகிறது என்பது இவர்களது கருதுகோள். கள ஆய்வுகள் இதனை முழுமையாக உறுதிசெய்யவில்லை. எனினும் பல வோல் இனங்களில் ஆண்கள் தொலைவு செல்ல, பெட்டைகள் தாய்க்கும் சகோதரிகளுக்கும் அருகிலேயே வாழிடம் அமைப்பது அறியப்பட்டுள்ளது.

மறைவு

2000 இல் காங்கோவிற்கு ஆய்வுப்பயணம் சென்று திரும்பியபின் நோயுற்று, இலண்டனில் காலமானார்.