நாவலர் வார்த்த கஞ்சி

பிக்கரிங்கில் வீட்டு வாடகை கொடுத்தபின் சமையலுக்கு மிஞ்சாமல், உணவு வங்கிக்குப் போகவும் கூச்சப்படும் குடும்பங்கள் நம்மவரிலும் உண்டு. அவர்களுக்கும் நமக்குமாக இந்தப் பழைய கதை.

நல்லூரில் 1822இல் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களை, வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவராகவும், வசனநடை வல்லவராகவுமே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் கஞ்சி வார்த்ததை ஏனோ அதிகம் சொல்வதில்லை.

1876–77இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியது. வாந்திபேதியும் சேர்ந்துகொண்டது. ஐம்பது வயதைக் கடந்திருந்த நாவலர், பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி கிடைத்தது. அத்துடன் விடாமல், மக்கள் துயரைக் கவனிக்கவில்லையென்று அரசாங்க அதிபர் துவைனம் துரையையும் எழுத்தில் கண்டித்தார். வெள்ளையர் ஆட்சியில் இது லேசான காரியமா?

பஞ்சம் போய் இரண்டே வருடத்தில், 1879 மார்கழியில், நாவலர் சிவபதம் அடைந்தார்.