அலைகளைச் சல்லடையிட்ட ஆம்ஸ்ட்ராங்

வானொலியின் குமிழைத் திருகுகின்றோம்; நாம் விரும்பும் நிலையம் ஒலிக்கின்றது. எண்ணற்ற அலைகள் சூழ்ந்த வான்வெளியில் ஒன்று மட்டும் தெளிவுறக் கேட்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டோருள் தலையாயவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்த இவர், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராய் இருந்தபொழுதே, 1912இல், மெல்லிய மின்குறியைத் திரும்பச் செலுத்திப் பன்மடங்கு பெருக்கும் மீளூட்டச் சுற்றைக் கண்டறிந்தார். மாணவச் செல்வங்கள் இதனை மனங்கொள்ளல் நலம்.

முதல் உலகப்போரின்போது படைப்பணி இவரைப் பாரிசுக்கு அழைத்தது. பகை வானூர்திகளின் எந்திரத் தீப்பொறி எழுப்பும் சிற்றலைகளைக் கொண்டே அவற்றின் வரவை அறியலாகாதா என எண்ணினார். அத்துணை உயர்ந்த அதிர்வெண்ணைப் பெருக்க அக்கால வால்வுகளுக்கு ஆற்றல் இல்லை. ஆகவே 1918இல் புதுவழி வகுத்தார். வரும் அலையுடன், கருவிக்குள்ளேயே தோற்றுவித்த வேறோர் அலையைக் கலந்தார். சான்றாக, 1,000 கிலோ ஹெர்ட்ஸ் அலையோடு 1,455 கிலோ ஹெர்ட்ஸ் அலையைக் கலந்தால், வேறுபாடாகிய 455 பிறக்கும். எந்நிலையத்தைத் தேடினும் உள்ளலையை அதற்கேற்ப மாற்றி, இதே இடைநிலை அதிர்வெண்ணைப் பெறலாம். அதற்கென அமைந்த வடிகட்டி, வேண்டாதவற்றை விலக்கிவிடும், பெருக்குதலும் எளிதாகும். இதுவே சூப்பர்ஹெட்டரோடைன் முறை. பிரான்சின் லூசியன் லெவியும் இக்கருத்தைத் தனியே எட்டியிருந்தார். பின்னாளில் ராடார் ஏற்பிகளும், ராடார் அலையை உணர்த்தும் கண்டறி கருவிகளும் இந்நெறியையே தழுவின.

1933இல் இரைச்சலற்ற பண்பலை ஒலிபரப்புக்கு உரிமம் பெற்றார். ஆயின் வாழ்வோ வழக்குகளில் கரைந்தது. மீளூட்டச் சுற்றின் உரிமை 1934இல் அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பால் டி பாரஸ்டுக்குச் சென்றது. 1945இல் பண்பலைக்குரிய அலைவரிசை மாற்றப்பட, மக்களிடம் இருந்த பண்பலைப் பெட்டிகள் பயனிழந்தன. இரண்டாம் உலகப்போரில் தம் உரிமங்களை நாட்டின் படைகளுக்கு ஊதியமின்றி ஈந்த இப்பெருந்தகை, பெருநிறுவனங்களோடு போராடிப் பொருளும் உள்ளமும் நலிந்து, 1954 சனவரி இறுதியில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

துணைவியார் மரியன் மனந்தளரவில்லை. வழக்குகளைத் தொடர்ந்து நடத்தினார். அவற்றுள் இறுதி வழக்கிலும் 1967இல் வென்றார். அவ்வெற்றியைக் காண ஆம்ஸ்ட்ராங் இல்லை. அறிவின் பயனைத் துய்க்கும் நாம், அதனை ஈந்தவரை அவர் வாழும் நாளிலேயே போற்றக் கற்றோமா?