காந்தியடிகளைக் காப்பாற்றிய ஆட்டுப்பால்

மல்லாங்கிணற்றில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு நேரம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் மகள் மட்டும் தட்டைத் தள்ளி வைக்கிறாள். உடம்பைக் குறைக்க வேண்டுமாம். காலையில் ஒரு டம்ளர் தேநீர். மதியம் இரண்டு பிஸ்கட். இரவில் ஒன்றும் இல்லை. ஒரு மாதமாக இதே கதை.

அம்மா கெஞ்சிப் பார்க்கிறாள். மகள் சுவரில் மாட்டியிருக்கும் காந்தி படத்தைக் காட்டுகிறாள். அவர் அரை வயிறு சாப்பிட்டே 78 வயது வரை வாழவில்லையா என்று கேட்கிறாள்.

நல்ல கேள்வி! இதற்குப் பதில் காந்தியடிகளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவர் மெலிந்த உடம்புக்காரர்தான். 1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், நமக்குப் பக்கத்தில் உள்ள மதுரையில்தான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்த உருவம்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த உடம்புக்குள் நடந்த போராட்டம் பலருக்குத் தெரியாது. உணவை அளவுக்கு மீறிச் சுருக்கியதால் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

சீமையில் பட்டினி

காந்தியடிகள் 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தாய் புத்லிபாய் விரதங்கள் பல இருப்பவர். மழைக்காலத்தில் சூரியனைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவது என்று விரதம் இருப்பார். சூரியன் தெரியாத நாளில் பட்டினிதான். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை காந்தி.

1888-ம் ஆண்டு பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றார். மாமிசம் தொடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். தங்கிய வீட்டில் உப்புச் சப்பில்லாத வேக வைத்த காய்கறியும், இரண்டு மூன்று துண்டு ரொட்டியும் கொடுத்தார்கள். இன்னும் வேண்டும் என்று கேட்க அவருக்குக் கூச்சம். 19 வயது வாலிபன், நல்ல பசி, அரை வயிற்றோடு எழுந்து போவார்.

சைவ உணவு விடுதியைத் தேடி ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மைல் நடந்தார். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்த பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டார். அந்த மகிழ்ச்சியை அவர் தம் சுயசரிதையில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

வெற்றியும் ஆபத்தும்

பிறகு அவர் தென் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே வக்கீல் தொழில் நன்றாக நடந்தது. ஆனால் அடிக்கடி தலைவலி வந்தது. தாம் தேவைக்கு மேல் சாப்பிடுவதாக அவருக்குத் தோன்றியது. காலை உணவை நிறுத்தினார். சில நாள் சிரமப்பட்டார். பிறகு தலைவலி போய்விட்டது.

அதிகமாகச் சாப்பிடுகிறவர் சிறிது குறைத்தால் நன்மை உண்டு. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் குறைத்து நன்மை கண்டவருக்கு, இன்னும் குறைத்தால் இன்னும் நன்மை வரும் என்று தோன்றுகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பம் ஆகிறது. காந்தியடிகளும் அந்த வழியில் நடந்து பார்த்தார்.

1912-ம் ஆண்டு பாலை விட்டார். பிறகு தானியத்தையும் விட்டார். வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, நிலக்கடலை, ஆலிவ் எண்ணெய். இவைதான் உணவு.

1914-ம் ஆண்டு 14 நாள் உண்ணாவிரதம் இருந்தார். முன்பு இருந்த ஏழு நாள் விரதம் எளிதாக முடிந்ததால் இந்தத் தடவை அலட்சியமாக இருந்துவிட்டார். தண்ணீர் குடித்தால் குமட்டியது. அதனால் தண்ணீரையும் குறைத்தார். தொண்டை வறண்டது. குரல் அடங்கிவிட்டது. விரதம் முடிந்ததும் உடம்பு தேறும் முன்பே நடக்க ஆரம்பித்தார். கால்களில் பொறுக்க முடியாத வலி!

அதே ஆண்டு லண்டன் போனார். அங்கே நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி கண்டு படுத்துவிட்டார். பாலும் தானியமும் சாப்பிடும்படி டாக்டர் ஜீவராஜ் மேத்தாவும், தலைவர் கோகலேயும் வற்புறுத்தினார்கள். காந்தியடிகள் இணங்கவில்லை. அங்கே குளிர் கூடக் கூட நோய் நீங்கவில்லை. தாயகம் திரும்பினார்.

மரணத்தின் வாசலில்

1918-ம் ஆண்டு குஜராத்தில் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தார். கடலையை வெண்ணெய்போல் அரைத்த விழுதும் எலுமிச்சையும்தான் முக்கிய உணவு. அந்த விழுதை அளவுக்கு அதிகமாகத் தின்றார். இலேசாக வயிற்றுக்கடுப்பு கண்டது. ஒரு வேளை பட்டினி போட்டார்.

அன்று பண்டிகை நாள். கஸ்தூரிபா அம்மையார் இனிப்பான கோதுமைக் கஞ்சியும் பயறும் செய்து வைத்திருந்தார். கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்கடுப்பு கடுமையாகிவிட்டது. ஒரு நாளில் 30, 40 தடவை வயிற்றோட்டம். மருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார்.

சுருக்குவது, பட்டினி கிடப்பது, பிறகு ஆசை தாங்காமல் அள்ளித் தின்பது! மகாத்மாவுக்கே இப்படி நடந்தது. உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் நம் பிள்ளைகளுக்கு நடக்காதா?

உயிர் தப்பினார். ஆனால் மாதக்கணக்கில் உடம்பு தேறவில்லை. பால் குடித்தால் ஒழிய உடம்பைத் தேற்ற முடியாது என்று டாக்டர் தலால் கண்டிப்பாகச் சொன்னார். பசு, எருமைகளைக் கொடுமைப்படுத்திப் பால் கறக்கிறார்கள் என்பதால் பால் குடிப்பதில்லை என்று காந்தியடிகள் சபதம் செய்திருந்தார்.

பக்கத்தில் இருந்த கஸ்தூரிபா ஒரு வழி சொன்னார். ஆட்டுப்பால் குடிக்கலாமே! சபதம் செய்தபோது மனதில் இருந்தவை பசுவும் எருமையும்தானே!

காந்தியடிகள் சம்மதித்தார். சபதத்தின் சொல்லைக் காத்து, பொருளை விட்டுவிட்டோமே என்று கடைசி வரை வருந்தினார். ஆனால் உடம்பு தேறியது. 1919-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைக்கு வந்தார். ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான், நாடெங்கும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஏப்ரல் 6-ந் தேதி நாடே திரண்டு எழுந்தது. அதற்கு முன்னே அந்தத் தலைவரை எழுந்து நிற்க வைத்தது ஆட்டுப்பால்!

1929-ம் ஆண்டு மறுபடியும் ஒரு சோதனை செய்தார். சமைக்காத உணவை மட்டும் சாப்பிட்டார். உடல் பலவீனம் அடைந்தது. சில மாதத்தில் அதைக் கைவிட்டார். தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்வது அவர் குணம்.

பிறகு உண்ணாவிரதம் இருந்தபோது தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் கலந்து குடித்தார். டாக்டர்கள் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். அவர் உண்ணாவிரதம் இருந்தது மெலிவதற்காக அல்ல, ஒரு கொள்கைக்காக.

காந்தி போட்ட கணக்கு

1942-ம் ஆண்டு ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும் என்று அதில் கணக்குக் கொடுத்தார். பசும்பால் 2 ராத்தல், அதாவது சுமார் 900 கிராம். தானியம் 170 கிராம். கீரையும் காய்கறியும் சேர்த்து 250 கிராம். நெய் 40 கிராம். வெல்லம் அல்லது சர்க்கரை 40 கிராம். இவற்றோடு வசதிக்கு ஏற்பப் பழம்.

இன்றைய கணக்கில் இது ஏறக்குறைய 1,800 கலோரி. தேநீரும் பிஸ்கட்டும் தின்று நாளை ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. எளிமையின் உருவமான காந்தியடிகள் மற்றவர்களுக்குச் சொன்னது பட்டினி அல்ல. அளவான, நிறைவான சாப்பாடு!

உடம்பு என்ன செய்யும்?

சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தால் உடம்பு பயந்துவிடுகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துச் செலவைச் சுருக்குகிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது. தலை சுற்றுகிறது. இரத்தசோகை வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தவறுகிறது. மிக வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் குறைந்த எடை திரும்பி வந்துவிடுகிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும் பட்டினி கிடக்கவே கூடாது. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகலாமா? மருந்து கையாளும் இடத்தில் கை நடுங்கலாமா?

எடை குறைய வேண்டியவர் வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைத்தால் போதும். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைக் குறைக்கலாம். மிக்சர், முறுக்கு, இனிப்பைக் குறைக்கலாம். சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து, கீரை, பயறு, மோர், முட்டை சேர்க்கலாம். தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். ஒரு நாளைக்கு 800 கலோரிக்கும் கீழே போவது டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் செய்யத் தகாத காரியம்.

காந்தியடிகளுக்கு வைராக்கியம் இருந்தது. அது நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தது. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவரைக் காப்பாற்றியது வைராக்கியம் அல்ல. பக்கத்தில் இருந்த மனைவியின் சொல். அதற்கு அவர் தலை வணங்கினார்.

மல்லாங்கிணற்று மகளும் சுவரில் உள்ள படத்தை இன்னொரு தடவை பார்க்கட்டும். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளட்டும். அம்மா காத்திருக்கிறாள்!