ராமன் தோற்ற தேர்தல்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் போகிற வழியில், காவிரிப் பாலம் தாண்டியதும் திருவானைக்காவல். அங்கே அம்மா வழித் தாத்தா வீட்டில்தான் 1888 நவம்பர் 7 அன்று சர் சி.வி.ராமன் பிறந்தார். நோபல் பரிசு, ராமன் விளைவு, பிப்ரவரி 28 எல்லாம் ஸ்கூல்லயே மனப்பாடம் பண்ணியாச்சு. ஆனா அவரை உருவாக்கின சங்கமே கடைசியில் அவருக்கு எதிரா ஓட்டுப் போட்ட கதையை நம்மில் பல பேர் கேட்டிருக்க மாட்டோம்.

அப்பா பேராசிரியர். சின்ன வயசுலயே குடும்பம் விசாகப்பட்டினம் போயிடுச்சு. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பு, 1907ல் எம்.ஏ., அதே வருஷம் நிதித்துறைத் தேர்வில் முதலிடம். கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரி வேலை. வயசு 18! நம்மில் பாதிப் பேர் அந்த வயசில் முதல் வருஷ அரியர் எழுதிட்டு இருந்தோம்.

கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் ஒரு போர்டைப் பார்க்கிறார். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்கிற டாக்டர் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி 1876ல் தொடங்கியது. லேப் இருந்தது, கருவிகள் இருந்தன, வேலை செய்யத்தான் ஆள் இல்லை. மகேந்திரலாலின் மகன் அமிர்தலால்தான் அப்போ செயலாளர். இப்படி ஒரு ஆளுக்காகவே காத்திருந்த மாதிரி ராமனை உள்ளே விட்டார். ஆபீசுக்கு முன்னாடி விடியற்காலையில் லேப், ஆபீஸ் முடிஞ்சதும் ராத்திரி வரை லேப். பல வருஷம் இப்படியே ஓடியது. 1917ல் அரசு வேலையை உதறிவிட்டு, கிட்டத்தட்ட பாதிச் சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். லேப் மட்டும் மாறல.

1919ல் அமிர்தலால் இறந்ததும் ராமன் கௌரவச் செயலாளர் ஆனார். சம்பளம் கிடையாது. நிதி, கருவி, ஆய்விதழ், யாரைச் சேர்க்கிறது என்று எல்லாமே அவர் தலையில். நம்ம டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரிகளுக்கு இந்தக் கஷ்டம் புரியும். 1926ல் தொடங்கிய இந்திய இயற்பியல் இதழ் இன்னும் வருது. 1928ல் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டுபிடித்ததும் அந்தக் கட்டிடத்தில்தான்.

1930ல் நோபல். அதுக்கப்புறம்தான் சிக்கல். ராமன் நாடெங்கிலும் இருந்து மாணவர்களை எடுத்தார், அதில் தென்னிந்தியர் நிறைய. வங்காளியின் பணத்தில் கட்டின லேபில் நம்ம பசங்களுக்கு இடமில்லையா என்று ஊருக்குள் முணுமுணுப்பு. அது முழுக்க நியாயம்னும் சொல்ல முடியாது, முழுக்கப் பொய்னும் சொல்ல முடியாது. ராமனுக்கு நாக்கு வேற கூர்மை, யாரையும் சமாதானப்படுத்துகிற ரகமே இல்லை.

1933ல் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பெங்களூரு போனார். போன பிறகும் கல்கத்தா சங்கத்தின் மேல் இருந்த பிடியை விடல. தன் இடத்தில் கிருஷ்ணன் இருந்து வேலையைத் தொடரணும்னு விரும்பினார். உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு வரம்பு வைக்கவும் பார்த்தார். அறிவியலே தெரியாத கூட்டம் லேபைக் கைப்பற்றிவிடும் என்ற பயம் அவருக்கு. சங்கத்தையே பூட்டி சாவியை எடுத்துட்டுப் போறார் என்ற கோபம் எதிர்த்தரப்புக்கு. அவர்கள் செய்தது ரொம்ப சிம்பிள்: புது உறுப்பினர்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். 1934ல் ஓட்டெடுப்பில் ராமன் தரப்பு தோற்றது. கண்டுபிடிப்பை எண்ணுகிற இடம் இல்லையே அது, கையை எண்ணுகிற இடம்! 27 வருஷ உறவு அத்தோடு முடிஞ்சது.

கிருஷ்ணன் மட்டும் கல்கத்தாவிலேயே தங்கி 1942 வரை அருமையாக வேலை செய்தார். ஆக, லேப் ஒண்ணும் பாழாகிவிடவில்லை. ராமனின் பயம் கொஞ்சம் அதிகம்தான் என்று தோணுது.

அதே 1934ல் பெங்களூரில் ராமன் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். முதல் தலைவர் அவரே. 1970 நவம்பர் 21ல் இறக்கும் வரை, 36 வருஷம், அந்த நாற்காலி வேறு யாருக்கும் போகவில்லை.